மிதித்த மண், அழுத்திய மண்

இரண்டு தலைமுறைக்கு முன் தமிழகச் சிற்றூர்களில் மண்சுவர் எழுப்ப யாரும் தனியாகப் படித்ததில்லை. அறுவடை முடிந்த கோடையில் வேலை தொடங்கும். வெட்டிய மண்ணைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலைத் தூவி, ஆட்களோ மாடுகளோ இறங்கி மிதிப்பார்கள். குழைந்த மண்ணை உருண்டைகளாகக் கைமாற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படை வைப்பார்கள். அது இறுகிய பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் ஈரச்சுவர் தன் கனத்திலேயே பிதுங்கிவிடும். களி போதுமா, மணல் கூடிவிட்டதா என்பது பிசைந்து பார்க்கும் கைக்குத் தெரியும்.

இன்று அதே மண்ணைப் பாடமாகப் படிக்கிறார்கள். 1989-இல் மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் ஆதரவுடன் ஆரோவில்லில் தொடங்கிய எர்த் இன்ஸ்டிடியூட்டுக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். கண்ணாடிக் குடுவையில் மண்ணைக் கரைத்துத் தெளியவிட்டு, மணல், வண்டல், களி எவ்வளவு என்று அளக்கிறார்கள். சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தினால் கல் தயார். அதற்குச் சூளையும் விறகும் வேண்டாம். நான்கு வாரம் ஈரம் காத்தால் போதும். இப்படிப்பட்ட மண்கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரவிதியும் உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் வேறு சிலர் பழைய முறைக்கே திரும்பியிருக்கிறார்கள். உலகம் 'காப்' என்று அழைக்கும் அந்தக் கலவையைத் தார்ப்பாயில் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசுகிறார்கள்.

பழைய சுவரின் குறைகள் சிறியவை அல்ல. கூரைத் தண்ணீர் தெறித்து அடிச்சுவர் அரிக்கும், கரையான் ஏறும். சாணமிட்டு மெழுகுவது ஓயாத வேலை, அதுவும் பெண்களின் தலையில். ஐப்பசி அடைமழையில் ஊறிய சுவர் இரவில் சரிந்து உயிர்களைப் பலிகொண்டதும் உண்டு. ஆகவே, 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தபோது மண்சுவரை மகிழ்ச்சியோடு இடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பகலெல்லாம் காய்ந்த தளம் சித்திரை இரவில் மின்விசிறியையும் மீறி வெப்பத்தை இறக்குகிறது.

அன்று மண் இலவசம். உழைப்புக்குக் கூலி மாற்று உழைப்புதான். இன்று உனக்கு மிதித்தவருக்கு நாளை நீ மிதிக்க வேண்டும். வீடு பாழானால் சுவர் கரைந்து தோட்டத்து மண்ணாகிவிடும். இன்றும் மண் மலிவுதான். ஆனால் மிதிப்பவருக்கும் பூசுபவருக்கும் நாள் கணக்கில் கூலி தர வேண்டியிருப்பதால், மண்வீடு பெரும்பாலும் வசதியுள்ளவர்கள் விரும்பிக் கட்டும் வீடாகியிருக்கிறது. அன்று வறுமை கட்டவைத்ததை இன்று விருப்பம் கட்டவைக்கிறது. சுவர் உறுதி பெற்றிருக்கிறது, அளவும் விதியும் பெற்றிருக்கிறது; கட்டும் இடத்துக்கு அக்கம்பக்கத்தார் வருவது மட்டும் நின்றுவிட்டது.

படை வைக்கத் தெரிந்த முதியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நகரத்திலிருந்து பயிற்சிக்குக் கட்டணம் கட்டி வரும் இளைஞர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள். அந்த முதியவர்களின் சொந்தப் பேரன்களோ கான்கிரீட் வீடுகளுக்குச் சென்டரிங் வேலைக்குப் போகிறார்கள்.