உங்களுக்குத் தெரியுமா? கைப்பேசிக்குள் போலீஸின் கண்

பழவேற்காட்டுக் கரையில் வலை சிக்கெடுக்கும் நேரத்திலேயே பாட்டும் படமும் போனுக்குப் போன் கைமாறிவிடும். அதில் போலீஸின் கண் எதுவரை எட்டலாம்? பொன்னேரி வட்டார வாசகர்களுக்குச் சில தகவல்கள்.

● டொரன்ட்டில் ஒரு படத்தை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை உங்கள் கருவி பிறருக்கும் அனுப்புகிறது. அப்படிப் பகிர்ந்துகொள்வோர் கூட்டத்தில் சேரும் எவருக்கும் உங்கள் ஐ.பி. முகவரி தெரியும். போலீஸும் சேர்ந்து குறித்துக்கொள்ளலாம். ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை.

● ஆனால் ஐ.பி. முகவரியை வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது. செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே சமயத்தில் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாவிட்டால் தவறான வீட்டுக் கதவைத் தட்ட நேரும். சிம் அப்பா பெயரில் இருக்கும், போன் மகன் கையில் இருக்கும், கடலுக்கு எடுத்துப்போவது அண்ணனாக இருக்கும். விசாரணை சிம்மில் உள்ள பெயரோடு நின்றுவிடக் கூடாது.

● 2004 முதல் தமிழகத்தில் திருட்டு வீடியோ தொழில் செய்பவர்கள் மீதும் குண்டர் சட்டம் பாயும். விசாரணையின்றி ஓராண்டு வரை சிறை.

● 2012-இல் '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே மொத்தமாக மூடின. குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே முடக்கலாம் என்று நீதிமன்றம் அந்த ஜூனில் தெளிவுபடுத்தியது.

● இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த வழக்கு, பக்கத்து அம்பத்தூரில் தொடங்கியது. 2020 ஜனவரியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தகவல் ஒன்று அங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தது: ஒருவர் போனில் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைக் காட்சிகள். தனியே பார்த்தது குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீட்டது. 'குழந்தை ஆபாசப்படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் தவிர்க்க வேண்டும் என்றது. சரிதான், அது படமல்ல, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு.

● இத்தகைய தகவல் எப்படி வருகிறது? ஏற்கெனவே அடையாளம் கண்ட காட்சி ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் உண்டு. பதிவேற்றும் கோப்பின் எண் அதோடு பொருந்தினால், அந்தத் தளத்தின் நிறுவனம், காணாமற்போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் உள்ள மையத்துக்குத் தெரிவிக்கும். அந்த மையத்தோடு ஆவணக் காப்பகம் செய்த 2019 ஒப்பந்தப்படி அந்தத் தகவல் டெல்லிக்கு வந்து, மாநிலப் போலீஸுக்குப் போகும். இந்தக் கண்காணிப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எல்லோருடைய உரையாடலையும் திறந்து படிக்கக் கேட்டால் ஏற்கமாட்டேன்.

● தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் கணினித் தகவல்களை இடைமறிக்க, 2018 டிசம்பரில் மத்திய அரசு பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆணைகளைச் சரிபார்ப்பது அரசுச் செயலாளர்கள் குழு, நீதிபதி கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலையிடுவது என்பதைப் பாடு முறையில் எல்லோர் கண்ணெதிரே சீட்டுப் போட்டுத் தீர்ப்பார்கள். நம் போனைத் திறக்கும் முடிவோ மூடிய அறைக்குள் எடுக்கப்படுகிறது.

● 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2025 ஜூலை 2-இல் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய போனை ஒட்டுக்கேட்கக் கூடாது என்றது.

● 2024 ஜூலை முதல், சோதனையையும் பறிமுதலையும் போலீஸ் வீடியோவில் பதிய வேண்டும். போனை எடுத்துப்போனால் பட்டியலில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.