அத்தோ

விடுமுறை நாளில் வீட்டு அடுப்புக்கு ஓய்வளித்து வெளியே சென்று உண்பது நகரத்தார் வழக்கம். பேசின் பிரிட்ஜை அடுத்த வியாசர்பாடியிலும், துறைமுகத்தருகே பர்மா பஜார்ப் பகுதியிலும் அத்தகைய மாலைகளில் மக்கள் விரும்பி நாடும் உணவு ‘அத்தோ’ ஆகும்.

இஃது இங்கு வந்தது எங்ஙனம்? 1962ஆம் ஆண்டில் பர்மாவின் ஆட்சியைப் படையினர் கைப்பற்றினர். 1964இல் வணிகம் அரசுடைமையாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் பலர் கடையும் பொருளும் இழந்து, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவருட் பலர்க்கு வியாசர்பாடி குடியிருப்பாயிற்று. வெறுங்கையராய் வந்த சிலர்க்குச் சமையல் அறிவே முதலாயிற்று.

அத்தோ என்பது, கலந்து பிசைந்தது எனப் பொருள்படும் பர்மியச் சொல்லின் திரிபு. பெயருக்கேற்ப, வேகவைத்து ஆறிய நூடுல்ஸுடன் மெல்லிதாக அரிந்த முட்டைக்கோசு, பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளிநீர், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாற் பிசைவர். ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கி மேலே தூவுவர். உடன் வாழைத்தண்டுச் சாறும் சூடாகத் தருவர். அதனைப் பருகாதார் அத்தோவைப் பாதியே அறிந்தவராவர்.

தள்ளுவண்டியைச் சூழ்ந்து நின்று உண்போருட் பெரும்பாலோர் பர்மாவைக் கண்டறியாதவர். பிசைந்து தரும் இளைஞரும் பலர் இங்கேயே பிறந்தவர்.