பெயர் அதேதான்... ராடு அதே ராடா? 'ஃபென்விக்' மீது தூண்டில்காரர்கள் நம்பிக்கை இழந்தது ஏன்?

தூண்டில் போட்டு மீன் பிடிப்பது அமெரிக்காவில் கோடிக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. 1970களில் அங்கே நல்ல தூண்டில் ராடு எது என்று கேட்டால், முதலில் வரும் பெயர்களில் ஒன்று 'ஃபென்விக்'.

அதே பெயர் இன்றும் இருக்கிறது. அதே பெயரில் ராடும் விற்பனையாகிறது. ஆனால், பழைய ஃபென்விக் கிடைத்தால் தேடிப் பிடித்து வாங்குவேன், புதியதைப் பற்றி யோசிக்கணும் என்று சொல்லும் மூத்த தூண்டில்காரர்கள் ஏராளம்.

50 ஆண்டுகளில் என்னதான் நடந்தது? ராடு உடைந்ததா, நம்பிக்கை உடைந்ததா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஃபென்விக்?

1952ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் கென்ட் என்ற ஊர். அங்கே மீன்பிடிப்பில் ஆர்வம் கொண்ட சிலர் சேர்ந்து ராடு செய்யத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஃபென்விக் ஏரியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள்.

அப்போது மூங்கில் ராடுகளின் காலம் முடிந்து, ஃபைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடி இழை ராடுகளின் காலம் பிறந்திருந்தது. அந்த ராடுகளில் ஒரு தொல்லை இருந்தது. நீளமான ராடை இரண்டாகப் பிரித்து எடுத்துச் செல்ல வசதியாக, நடுவில் உலோக இணைப்பு வைப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் ராடு வளையாமல் விறைத்து நிற்கும்.

இதற்கு ஃபென்விக்கின் வடிவமைப்பாளர் ஜிம் கிரீன் ஒரு தீர்வு கண்டார். உலோகத்தை எடுத்துவிட்டு, கண்ணாடி இழைக்குள் கண்ணாடி இழையே பொருந்தும்படி இணைப்பை அமைத்தார். 'ஃபெரலைட்' என்று அதற்குப் பெயர். ராடு நுனியில் இருந்து கைப்பிடி வரை ஒரே சீராக வளைந்தது.

ராடு விற்பதோடு அவர்கள் நிற்கவில்லை. செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் 'ஃப்ளை ஃபிஷிங்' முறையைச் சொல்லித்தர பயிற்சி வகுப்புகளும் நடத்தினார்கள். செய்கிறவர்களே மீன் பிடிக்கிறவர்கள் என்பதுதான் அந்தப் பெயருக்குக் கிடைத்த மரியாதை.

கார்பன் கொண்டுவந்த புரட்சி

அடுத்த பெரிய பாய்ச்சல் 1973இல் நடந்தது. விமானத் துறையில் பயன்பட்டு வந்த கார்பன் இழையைக் கொண்டு ஃபென்விக் ராடு செய்தது. பெயர் 'எச்.எம்.ஜி.'. அதாவது 'ஹை மாடுலஸ் கிராஃபைட்'.

மாடுலஸ் என்றால் விறைப்பு என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி இழையைவிட கார்பன் இழை சுமார் 3 மடங்கு விறைப்பானது. எடையோ குறைவு. அதனால் நாள் முழுக்க வீசினாலும் கை வலிக்காது. மீன் லேசாகக் கடித்தாலே கைக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடி இழை ராடைவிட விலை பல மடங்கு. ஆனாலும் வாங்கினார்கள். எச்.எம்.ஜி. என்ற மூன்று எழுத்துகளுக்கு அன்றைக்கு 'இதற்கு மேல் ராடு இல்லை' என்று அர்த்தம்.

கை மாறிய கதை

நிறுவனம் வளர்ந்தது. வளர்ந்தால் வாங்க ஆள் வருவார்கள், வந்தார்கள்.

1980களில் ஃபென்விக், உட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 'விக்டர்' எலிப்பொறியைத் தயாரிக்கும் அதே உட்ஸ்ட்ரீம்தான். அதன்பின் அயோவா மாகாணத்தின் பெர்க்லி நிறுவனத்துக்குப் போனது. அதுவாவது மீன்பிடித் தொழிலில் ஊறிய நிறுவனம். பெர்க்லி பெடல் என்பவர் 1937இல் பள்ளி மாணவராக இருந்தபோது தொடங்கியது.

பெர்க்லி பின்னர் 'ப்யூர் ஃபிஷிங்' என்ற பெரிய குழுமமாக மாறியது. அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள்:

* 2007: ப்யூர் ஃபிஷிங்கை ஜார்டன் என்ற நுகர்பொருள் நிறுவனம் வாங்கியது.
* 2016: ஜார்டனை நியூவெல் வாங்கியது. நம்மூரிலும் தெரிந்த பார்க்கர் பேனாவின் உரிமையாளர் இந்த நியூவெல்தான்.
* 2018: கடனைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த நியூவெல், ப்யூர் ஃபிஷிங்கை சிகமோர் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 130 கோடி டாலருக்கு விற்றது.

ஏரிக்கரையில் தொடங்கிய பெயர், கடைசியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஒரு வரி ஆனது. ஒவ்வொரு முறையும் கை மாறியது என்ன? பெயர், வாடிக்கையாளர்கள் அந்தப் பெயர் மீது வைத்த மதிப்பு. பட்டறையில் இருந்த கைகள் அந்தப் பெயரோடு சேர்ந்து கை மாறவில்லை.

மூன்று எழுத்துக்கு என்ன ஆனது?

ஒரு பிராண்டை விலை கொடுத்து வாங்கியவர், போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். அதற்கு இரண்டு வழி. ஒன்று, உற்பத்திச் செலவைக் குறைப்பது. இன்னொன்று, அதே பெயரை அதிகம் பேருக்கு விற்பது.

இரண்டும் நடந்தது. ஃபென்விக் ராடுகளின் உற்பத்தி பெரும்பாலும் சீனா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்குப் போனது. ஃபென்விக் பெயரிலேயே குறைந்த விலை வரிசைகளும் வந்தன. ஒரு காலத்தில் உச்சியில் இருந்த எச்.எம்.ஜி. என்ற பெயர், இப்போது நடுத்தர விலை ராடு ஒன்றின் மீது ஒட்டப்பட்டிருக்கிறது.

இப்போதைய எச்.எம்.ஜி. மோசமான ராடு என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த விலைக்கு அது சரியான ராடாகவே இருக்கலாம். ஆனால் அப்பா வைத்திருந்த எச்.எம்.ஜி.யை நினைத்துக்கொண்டு கடைக்குப் போகும் மகன், அதே பெயரைப் பார்த்து வேறொரு பொருளை வாங்கி வருகிறார். அங்கேதான் முதல் விரிசல் விழுகிறது.

இங்கிலாந்திலும் இதே கதை

இது ஃபென்விக்குக்கு மட்டும் நடந்தது அல்ல. 1872இல் இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் தொடங்கிய 'ஹார்டி' நிறுவனம், மூங்கில் ராடுகளுக்கு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய ஆறுகளில் மஹ்சீர் மீன் பிடிக்க வந்தவர்களுக்கென்றே தனியாக ராடும் சாதனங்களும் செய்து அனுப்பியது.

2013இல் ஹார்டியையும் ப்யூர் ஃபிஷிங் வாங்கியது. ராடு உற்பத்தியில் பெரும்பகுதி ஆசியாவுக்கு நகர்ந்துவிட்டது. அங்கேயும் பழைய வாடிக்கையாளர்களிடம் அதே முணுமுணுப்பு.

அப்போ, சீனாவில் செய்வதுதான் பிரச்னையா?

இல்லை. அதற்குச் சாட்சி இதே ப்யூர் ஃபிஷிங் குழுமத்திலேயே இருக்கிறது.

'அக்லி ஸ்டிக்' என்று ஒரு ராடு. 1976இல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கொண்டுவந்தது. கண்ணாடி இழையையும் கார்பனையும் கலந்து செய்தது. பெயரிலேயே அசிங்கமான குச்சி என்று சொல்லிக்கொள்கிறது! எடை அதிகம், நுணுக்கம் குறைவு. ஆனால் லேசில் உடையாது, விலையும் குறைவு. இப்போது அதன் பெரும்பாலான வரிசைகள் தயாராவது சீனாவில்தான். இருந்தும் அதன் மீதான நம்பிக்கை குலையவில்லை.

காரணம் எளிது. 1976இல் அது சொன்னது 'உடையாது' என்ற ஒரே வாக்கு. இன்றும் அதைத்தான் சொல்கிறது, அதைத்தான் தருகிறது.

இன்னொரு உதாரணம், செயின்ட் குரோய். விஸ்கான்சின் மாகாணத்தின் பார்க் ஃபால்ஸ் நகரிலும், மெக்சிகோவிலும் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் நிறுவனம். எந்த வரிசை எங்கே தயாராகிறது என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார். அதனால் ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் வருவதில்லை.

ஆக, எங்கே செய்கிறார்கள் என்பதைவிட, அந்தப் பெயர் எதைத் தருவதாகச் சொன்னதோ அது இன்னும் பெட்டிக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ராடு உடைந்தால் தப்பு யார் மேல்?

நம்பிக்கை பெரும்பாலும் உடைவது, ராடு உடையும் நாளில்தான். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

கார்பன் ராடு செய்யும் முறை இதுதான். பிசின் தடவிய கார்பன் துணியை வெட்டி, கூம்பு வடிவ எஃகு கம்பியில் இறுக்கமாகச் சுற்றுவார்கள். மேலே டேப் சுற்றி, சூளையில் வேகவைப்பார்கள். பிறகு எஃகு கம்பியை உருவிவிட்டால், உள்ளே வெற்றிடமான ராடு கிடைக்கும். சுற்றும்போது துணி சுருங்கினாலோ, பிசின் சீராகப் பரவாவிட்டாலோ அந்த இடம் பலவீனம். வெளியில் பெயின்ட் பூசியபின் கண்ணுக்குத் தெரியாது.

இது தயாரிப்பாளர் தப்பு. ஆனால் எல்லா உடைப்பும் அப்படி அல்ல.

விறைப்பு கூடக்கூட ராடின் சுவர் மெல்லிசாகும், அடியைத் தாங்கும் சக்தியும் குறையும். ஈயக்குண்டு பட்டுவிட்ட சின்னக் கீறல், கார் கதவில் லேசாக நசுங்கியது, மீனைத் தூக்கும்போது ராடைச் செங்குத்தாக நிமிர்த்தி மொத்த பாரத்தையும் நுனியில் ஏற்றியது... இவையெல்லாம் ராடை முறிக்கும். சில சமயம் அடிபட்ட அன்று உடையாது, பல வாரம் கழித்து பெரிய மீன் மாட்டும்போது 'படக்'கென்று போகும். வாங்கியவருக்கு அது கம்பெனியின் மோசடி போலத் தெரியும். கம்பெனிக்கு அது பயன்படுத்தியவரின் கவனக்குறைவு போலத் தெரியும்.

பழைய கண்ணாடி இழை ராடு இந்த அடியையெல்லாம் பொறுத்துக்கொண்டது. 'அந்தக் காலத்து ராடு மாதிரி வராது' என்ற பேச்சில் பாதி, கம்பெனி மாறியதால் வந்தது. மீதிப் பாதி, பொருளே மாறியதால் வந்தது.

வாரன்டி எனும் வாக்குறுதி

உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. ராடு பிராண்டுகள் பலவும் 'ஆயுள் முழுக்க உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்திருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியவை சில.

பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே அது செல்லும். அனுப்பும் செலவும் கையாளும் கட்டணமும் நம் தலையில். அந்த வரிசையையே நிறுத்தியிருந்தால், உடைந்த துண்டுக்கு மாற்றுத் துண்டு கிடைக்காது. 'அதற்கு இணையான' வேறு ராடு தருவார்கள். எது இணை என்பதை முடிவு செய்வது அவர்கள்தான்.

இங்கேதான் கை மாறிய பிராண்டுகள் அதிகம் சிக்குகின்றன. பழைய முதலாளி கொடுத்த வாக்கை, புது முதலாளி செலவுக் கணக்காகப் பார்க்கிறார். 20 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ராடோடு வருபவர் அவருக்குப் பழைய வாடிக்கையாளர் அல்ல, பழைய கடன். மாறாக ஆர்விஸ் போன்ற நிறுவனம், தன் உயர்ரக ஃப்ளை ராடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று எண்ணைச் சொல்லியே விற்கிறது. எத்தனை ஆண்டு என்று தெரிந்தால் சண்டை குறைவு.

லேபிளில் உள்ள எண்கள்

'ஐ.எம்.6', 'ஐ.எம்.7', '30 டன் கார்பன்', '40 டன் கார்பன்' என்று ராடின் மீது எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எண் கூடினால் தரம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், ஐ.எம். எண்கள் ஒரு குறிப்பிட்ட கார்பன் இழைத் தயாரிப்பாளரின் வணிகக் குறியீடுகள். ராடு தொழில் முழுமைக்கும் பொதுவான தர அளவுகோல் அல்ல. ஒரு பிராண்டின் 'ஐ.எம்.8' இன்னொரு பிராண்டின் 'ஐ.எம்.7'ஐ விட மேல் என்று சொல்லவே முடியாது. பிசின், சுற்றும் விதம், வளையங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் தரம்.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

* இந்த வரிசை எங்கே தயாராகிறது? பிராண்டின் ஊரைக் கேட்காதீர்கள், கையில் இருக்கும் ராடின் ஊரைக் கேளுங்கள்.
* வாரன்டி எத்தனை ஆண்டு? இந்தியாவில் செல்லுமா? உடைந்தால் எங்கே அனுப்பணும்? செலவு யாருடையது?
* நுனித் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா?
* பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் பெரும்பாலும் வாரன்டி இல்லை.
* கரடுமுரடான இடத்தில், பாறை ஓரத்தில் பயன்படுத்தப் போகிறீர்களா? அதிக விறைப்புள்ள ராடைவிட, கண்ணாடி இழை கலந்த ராடே பொருத்தம்.

நம்பிக்கை திரும்புமா?

ஃபென்விக் கதை முடிந்துவிடவில்லை. 'வேர்ல்டு கிளாஸ்' போன்ற பழைய பெயர்களைத் தூசி தட்டி, உயர்ரக ராடுகளை மீண்டும் களமிறக்கியிருக்கிறார்கள். அவை நல்ல ராடுகளாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்தத் தொழிலில் நம்பிக்கை விளம்பரத்தால் திரும்பாது. ஒருவர் ராடை 10 ஆண்டு பயன்படுத்தி, உடைந்தபோது கம்பெனி நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, பக்கத்தில் தூண்டில் போடுபவரிடம் 'தைரியமா வாங்கு' என்று சொல்ல வேண்டும். பெயரைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். அந்த ஒரு வார்த்தையை வாங்க, குறைந்தது அந்த 10 ஆண்டாவது ஆகும்.