பத்தொன்பதாவது குழி!

கோல்ப் மைதானத்தில் 18 குழிகள். ஆனால் "19-வது குழி ஒன்றும் உண்டு" என்று ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் போய் உட்காரும் மதுக்கூடம்தான் அது!

கொடைக்கானலில் கோல்ப் கிளப் 1895-ம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தஞ்சைச் சீமையிலோ கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல். அந்தக் குழிக்கும் காவிரிக் கரைக் குடியானவனுக்கும் என்ன சம்பந்தம்? 2023-ல் ஒரு சம்பந்தம் ஏற்படப் பார்த்தது!

யாருக்கு உரிமம்?

1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். கிளப்புகளுக்கென்று உள்ளது "எப்.எல்.2" உரிமம். தனி முதலாளி இல்லாத, உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கிளப்பாக அது இருக்க வேண்டும். மது, உறுப்பினர்களுக்குத்தான். 21 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடையாது.

திருவள்ளுவர் தினத்தில் தெருக் கடையோடு கிளப் மதுக்கூடத்துக்கும் பூட்டு. அன்றுதான் மாட்டுப் பொங்கல். அன்று சீமானுக்கும் உழவனுக்கும் ஒரே சட்டம்!

மண்டபத்தில் மதுவா?

2023 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டன. "எப்.எல்.12" என்று ஒரு சிறப்பு உரிமம் வந்தது. கட்டணம் கட்டினால் மாநாட்டுக் கூடம், விளையாட்டு மைதானம், கல்யாண மண்டபம் ஆகிய இடங்களிலும் மது பரிமாறலாம் என்றது.

ஏப்ரல் 24-ந் தேதி செய்தி பரவியது. எங்கும் எதிர்ப்பு! அன்றே கல்யாண மண்டபம் நீக்கப்பட்டது. தேசிய, சர்வதேச விளையாட்டுப் போட்டிகளுக்கும் மாநாடுகளுக்கும் மட்டும் அனுமதி என்று ஆயிற்று. இரண்டு நாள் கழித்து சென்னை ஐகோர்ட்டு அந்தத் திருத்தத்துக்கே இடைக்காலத் தடை விதித்தது.

ஏன் அவ்வளவு ஆத்திரம்?

கிளப் வாசலைத் தாண்டுபவர் விரும்பிச் சேர்ந்த உறுப்பினர். கல்யாண மண்டபம் அப்படியா? பாட்டியும் பேரனும் ஒரே பந்தியில் உட்காரும் இடம் அல்லவா!

அதைவிடப் பெரிய கவலை பெண்ணைப் பெற்றவருக்கு. தஞ்சைப் பக்கம் தை அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் பந்தல்கால் நடுவார்கள். விருந்தில் மதுவும் உண்டு என்று சட்டம் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டுவிட்டால், அவரால் மறுக்க முடியுமா? உரக்கடன் அடைக்க வைத்த பணம் அங்கே போகும்.

சட்டம் தடுத்தால் அவருக்கு ஒரு பதில் இருக்கிறது: "சட்டத்திலே இடமில்லீங்க, சம்பந்தி!"