ஒரு வருடம் உட்கார்ந்த உயரக்காரன்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

சிவப்புச் சட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம் சங்கத் தோழர்கள் மே தின ஊர்வலம் என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு சட்டை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு விளையாட்டு வீரன் ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி மட்டும் செய்து, ஒரு மேட்ச்கூட ஆடாமல் இருப்பதற்கு 'ரெட்ஷர்ட்' என்று பெயர். 1937-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற ஃபுட்பால் மாணவர் (அவர்கள் ஊர் ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது) இந்த வருடம் பயிற்சிக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்டு வாங்கி, எண் இல்லாத சிவப்புச் சட்டையோடு மைதானத்தில் நின்றாராம். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள்.

நான் எழுத வந்தது ஃபுட்பால் அல்ல, பாஸ்கெட்பால். அதிலும் 'பிக் மேன்' என்று சொல்லப்படும் உயரக்காரனைப் பற்றி. வளையத்துக்குக் கீழே நின்று இடிபட்டு, ரீபவுண்ட் பிடித்து, எதிரியின் ஷாட்டைத் தடுக்கிறானே, அந்த சென்டர் ஆட்டக்காரன்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். முதலாம் ஆண்டு முடிந்ததும் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வருகைப் பதிவு போதாமல் ஒரு வருடம் போய்விட்டது. என்னோடு சேர்ந்தவர்கள் இப்போது இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்கள், நான் இன்னும் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மண்டியில் சுமை தூக்குபவர். ஒன்றும் திட்டவில்லை. "ஒரு வருஷம் சும்மா போயிருச்சேப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

உடம்பு தேறியதும் பி.இ.டி. சார் கூப்பிட்டார். "மேட்ச்ல உன் பேரைக் குடுக்க முடியாது. சாயங்காலம் பிராக்டிஸுக்கு மட்டும் வா" என்றார். போனேன். இந்த வருடம் பெயர் கொடுத்தாகிவிட்டது. என் உயரம் 6 அடி 2 அங்குலம். அதைப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் தம்பிகள், "அண்ணன் வந்துட்டாரு, இனி கப்பு நமக்குத்தான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரு வருடம் மேட்ச் ஆடாத சென்டரிடம் உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன், பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். அதில் கிடைத்தவர்தான் கெல்லி ஒலினிக்.

ஒலினிக் கனடா நாட்டுக்காரர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கம்லூப்ஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். தோள் வரைக்கும் முடி. நம் பிரின்சிபால் பார்த்திருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். பள்ளியில் அவர் சென்டரே அல்ல. பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுக்கும் கார்டு. பள்ளிக் காலத்திலேயே 6 அடி 3 அங்குலத்திலிருந்து கிடுகிடுவென்று வளர்ந்து 6 அடி 10 அங்குலம் ஆனார், பிறகு 7 அடி. ஆள் உயர்ந்தாலும் கை கார்டின் கையாகவே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் 2009-ல் சேர்ந்தார். இரண்டு வருடம் ஆடினார். இரண்டாவது வருடமான 2010-11-ல் மேட்ச் ஒன்றுக்கு சராசரி 5.8 புள்ளி. சுமாரான ஆட்டக்காரன், பெஞ்சிலிருந்து எழுந்து வருபவன், அவ்வளவுதான். மூன்றாவது வருடமான 2011-12-ல் அவர் ரெட்ஷர்ட் ஆனார். புதிதாகச் சேர்ந்த பையன்தான் வழக்கமாக இப்படி உட்காருவான். இரண்டு வருடம் மேட்ச் ஆடியவன் பாதியில் உட்காருவது அபூர்வம். அவருக்கு முன்னால் அணியில் ராபர்ட் சாக்ரே என்ற 7 அடி சென்டர் இறுதியாண்டில் இருந்தார். இடம் இல்லை. அன்றைய விதிப்படி ஒரு மாணவனுக்கு ஐந்து வருடத்துக்குள் நான்கு வருட ஆட்டம் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வருடத்தைச் செலவழிப்பதைவிட, அதைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

திரும்பி வந்த 2012-13-ல் சராசரி 17.8 புள்ளி, 7.3 ரீபவுண்ட். எறிந்ததில் நூற்றுக்கு 63 வளையத்துக்குள் விழுந்தது. நாட்டின் சிறந்த ஐந்து கல்லூரி வீரர்கள் பட்டியலில் பெயர். 2013 மார்ச்சில் கொன்சாகா அணி தன் வரலாற்றில் முதல் தடவையாக நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது.

இதைப் படித்ததும் நானும் தம்பிகளைப் போல விசில் அடித்தேன். ஐந்தே முக்கால் சொச்சம் பதினெட்டாக ஆனால் மூன்று மடங்கு அல்லவா! ஆனால் டிப்ளமோ படிக்கிறவன் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா? 2010-11-ல் அவர் களத்தில் நின்றது மேட்சுக்கு சுமார் 13 நிமிடம். 2012-13-ல் சுமார் 26 நிமிடம். நேரம் இரட்டிப்பு. ஆட்டம் துளிகூட முன்னேறாமல் நேரம் மட்டும் இரட்டிப்பாகியிருந்தாலே 5.8 என்பது பதினொன்றரைக்கு மேல் போயிருக்கும். ஆக, கூடிய 12 புள்ளியில் பாதி நிமிடத்தால் வந்தது. மீதி பாதிதான் ஆளின் முன்னேற்றம். அந்தப் பாதியும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிமிடம் ஏன் கிடைத்தது? சாக்ரே படிப்பை முடித்துக்கொண்டு போனதால். உட்கார்ந்து எழுந்த உயரக்காரனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் எத்தனை கிலோ ஏற்றினான் என்று பார்க்கிறார்கள், அவனுக்கு முன்னால் நின்றவன் போய்விட்டானா என்று பார்ப்பதில்லை.

சரி, அந்த மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் உதவிக்கு வருகிறது. (அந்தப் பேப்பரில் நான் வாங்கிய மார்க்கை யாரும் கேட்க வேண்டாம்.)

வளையத்துக்கு அருகே நிற்கும் வேலை தள்ளுமுள்ளு வேலை. எதிரி இடுப்பால் முட்டுகிறான், முழங்கையால் நெருக்குகிறான். உயரமானவனுக்கு ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. அடித்தளம் ஒடுக்கமாக, ஈர்ப்பு மையம் உயரமாக இருந்தால் கொஞ்சம் தள்ளினாலே சாயும் என்பது ஒர்க்ஷாப்பில் பில்லர் டிரில்லிங் மெஷினின் அடித்தளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இளம் உயரக்காரன் நட்டுவைத்த கொம்பு மாதிரி நிற்கிறான். அவனைவிட அரை அடி குட்டையானவன் தாழ இறங்கி முட்டினால் நகர்ந்துவிடுகிறான். இடம் போனதும் எட்டிக் கையை நீட்டுகிறான், விசில், ஃபவுல். ஐந்து ஃபவுலில் வெளியே போக வேண்டும். அங்கேயும் அதே ஐந்துதான், அதே 40 நிமிடம்தான். பத்து நிமிடத்துக்குள் மூன்று ஃபவுல் வாங்கிய சென்டரை எந்தக் கோச்சும் களத்தில் வைக்க மாட்டார். திறமை இருந்தும் நிமிடம் இல்லாமல் போவது இப்படித்தான்.

தொடை, இடுப்பு, வயிற்றுப் பகுதி பலமாகி, முட்டியை மடக்கி அகலமாக நிற்கப் பழகினால் இந்தக் கதை மாறும். அதற்கு மாதக் கணக்கில் எடைப் பயிற்சி வேண்டும். மேட்ச் நடக்கும் பருவத்தில் அது முடியாது. பயணம், ஆட்டம், அசதி, மறுபடி பயணம் என்று போய்விடும். இன்று கடுமையாக எடை தூக்கினால் நாளைக்குக் கால் எழும்பாது. மேட்ச் இல்லாதவனுக்கு மட்டும்தான் அந்த வசதி. ஒலினிக் அந்த வருடம் முழுக்க உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பைத் திருத்தினார், கால் நகர்த்தலைத் திருத்தினார். பயிற்சியில் அவர் எதிரே நின்றது யார்? சாக்ரே. அந்த வருடம் அவர்கள் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று பெயர் வாங்கிய ஆள். மேட்சில் வாரம் இரண்டு நாள் வேறு வேறு எதிரிகளிடம் சில நிமிடம் ஆடுவதற்குப் பதில், பயிற்சியில் நல்ல எதிரி ஒருவனிடம் தினமும் உதை வாங்கியிருக்கிறார்.

இந்த நிற்கும் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு நாள் வாசலில் நான் தனியாக அப்படியும் இப்படியும் கால் மாற்றிக்கொண்டிருப்பதை அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா பண்றே?" என்றார். ஒருத்தன் முதுகில் முட்டினால் நகராமல் நிற்க வேண்டும் என்றேன். எழுந்து வந்தார். "காலை அகட்டிப் போடு. முட்டியை மடக்கி எறங்கு. மூட்டை முதுகுல ஏறுறப்ப இடுப்பு நிமிர்ந்துட்டா ஆளே சாஞ்சிருவான்" என்று சொல்லி, என் பின்னால் வந்து தோளால் ஒரு முட்டு முட்டினார். நான் வாசல் கோலத்தைத் தாண்டிப் போய் விழுந்தேன். அவர் உயரம் ஐந்தரை அடி. அதற்குப் பிறகு ஒரு மாதம், மண்டியிலிருந்து வந்ததும் பத்து முட்டு. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒலினிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதே கொன்சாகாவில் பிற்பாடு ஷெமெக் கர்னோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டுக்காரர் ஆடினார். 7 அடி 1 அங்குலம், எடை ஏறக்குறைய 136 கிலோ. 2015-16 பருவம் ஆரம்பித்து ஐந்தே மேட்சில் முதுகு போய்விட்டது, அறுவை சிகிச்சை. உடல்நலக் காரணத்துக்காக அந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். அவர் உட்கார்ந்தது என் மாதிரி. பலம் ஏற்றுவதற்காக அல்ல, பிழைத்து எழுவதற்காக. காயத்துக்கு முந்தைய முழுப் பருவத்தில் சராசரி சுமார் 11 புள்ளி. திரும்பி வந்த 2016-17-ல் சுமார் 12. கூடியது ஒரே ஒரு புள்ளி. பேப்பரில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வருடம் அணி 37 வெற்றி, 2 தோல்வி. தன் வரலாற்றில் முதல் தடவையாக இறுதிப் போட்டிக்குப் போய், நார்த் கரோலினாவிடம் 65-71 என்று தோற்றது. கர்னோவ்ஸ்கிக்கு நாட்டின் சிறந்த சென்டருக்கான கரீம் அப்துல்-ஜபார் விருது கிடைத்தது. விட்ட இடத்துக்கே திரும்பி வருவதும் ஒரு முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றியது இவரைப் படித்த பிறகுதான். ராத்திரி நிம்மதியாகத் தூங்கியதும் அன்றுதான்.

ஒலினிக்கின் கை கார்டின் கை என்று சொன்னேன் அல்லவா? இப்போது அதற்கு வருகிறேன். பந்தைப் பிடிப்பது, சுழன்று திரும்பிப் போடுவது, எங்கே பாஸ் கொடுக்கலாம் என்று கண் தேடுவது எல்லாம் அவரிடம் முன்பே இருந்தது. இல்லாதது உடம்பு. அந்த வருடம் உடம்பைக் கொடுத்தது, இரண்டும் பொருந்திவிட்டது. இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். உடம்பு இருக்கிறது, கை இல்லை. பந்து நெஞ்சில் பட்டுத் தெறிக்கிறது. அவனை ஒரு வருடம் உட்கார வைத்தால் இன்னும் பலமானவனாக, அதே தெறிக்கும் கையோடு வருவான். பலத்தை ஒரு வருடத்தில் ஏற்றலாம். பந்தோடு பழக்கம் என்பது சின்ன வயதிலிருந்து வருவது. ஆகவே "ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கான், பின்னிடுவான்" என்று யாராவது சொன்னால், உட்காரும் முன் அவன் எப்படி ஆடினான் என்று நான் கேட்பேன்.

இப்போது அங்கேயே இந்தப் பொறுமை குறைந்துவிட்டது. முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறினால் பெரும்பாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021-லிருந்து ஒரு தடவை மாறினால் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. பிறகு அந்த விதியும் இன்னும் தளர்ந்தது. இடமில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போகிறார்கள். போகட்டும், அவர்கள் பிழைப்பு.

ஒலினிக்கின் அந்த வருடம் எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலிடத்தில் இருந்த அணி, தேசியப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்திலேயே, தன் பிரிவில் ஒன்பதாவது இடத்தில் இருந்த விச்சிட்டா ஸ்டேட் அணியிடம் 70-76 என்று தோற்றுப் போனது. ஒலினிக் 26 புள்ளி எடுத்தார். அதற்கு மேல் ஒரு சென்டர் என்ன செய்ய முடியும்? அந்த வருடமே என்.பி.ஏ. தேர்வில் 13-வது ஆளாக எடுக்கப்பட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடா அணியிலும் ஆடினார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது மண்டலப் போட்டி முடிந்திருக்கும். என் கணக்கை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். போன தடவை ஆடிய சென்டர் அண்ணன் இறுதியாண்டில்தான் இருக்கிறார், போகவில்லை. அவர் இளைப்பாறும்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் நான்கு புள்ளி, நான்கு ரீபவுண்ட். ஸ்கோர் ஷீட் பி.இ.டி. சார் அறையில் பச்சை ஃபைலில் இருக்கும், யாரும் போய்ப் பார்க்கலாம். தம்பிகளே, புள்ளிக் கட்டத்தை அப்புறம் பாருங்கள். முதலில் என் பெயருக்கு நேரே ஃபவுல் கட்டத்தைப் பாருங்கள். அதில் இரண்டுக்கு மேல் இருந்தால், அப்பாவிடம் இன்னும் ஒரு மாதம் முட்டு வாங்க வேண்டியதுதான்.