எல்லைக்கல்லும் ஊர்ச்சாலையும்



தில்லியிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒருவர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பயணம் செய்து பாறசாலை நிலையத்தில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியிருப்பது இரண்டு மூன்று கிலோமீட்டர் வழி. அதுவே பெருந்தொலைவாகிவிடுவதும் உண்டு. ஊராட்சி அமைத்த சாலை கால்வாய்க் கரைவரை வந்து நின்றுவிடுகிறது. அக்கரையில் வேறொரு சாலை தொடங்குகிறது. அது வேறொரு மாநிலத்தது. இடையே உள்ளது சில அடி அகலமுள்ள நீர்வழிதான். ஆயினும், பேறுகால வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேரும்போது, அந்தச் சில அடிகளுக்காக ஊரையே சுற்றிவர வேண்டியிருக்கும். இத்தகைய இடைவெளி ஏன் ஏற்படுகிறது, அதனை அடைப்பது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1956 நவம்பர் 1-க்கு முன்னர் நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் அடுத்தடுத்து இருந்த தாலுகாக்கள். மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்ட அந்நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை இராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் சேரவேண்டும் என்று நேசமணி முதலிய தலைவர்கள் கோரினர், அக்கோரிக்கை நிறைவேறவில்லை. பாறசாலை கேரளத்திலும், அதனை ஒட்டிய களியக்காவிளை தமிழகத்திலும் அமைந்தன. நிர்வாகக் கோடு வரையப்பட்டுவிட்டது. ஆனால் சந்தையும், வயலும், கொண்டு கொடுத்த உறவும் அக்கோட்டைக் கேட்டுக்கொண்டு அமைந்தவை அல்ல.

இப்பகுதியில் ஊர்ச்சாலையின் குறுக்கே நிற்கும் நிலங்கள் மூவகைப்பட்டன. முதலாவது, தேசிய நெடுஞ்சாலை 66. 2010-ஆம் ஆண்டின் எண்மாற்றத்துக்கு முன் 47 என்ற எண்ணைக் கொண்டிருந்த இது மத்திய அரசாங்கத்தின் பொறுப்பிலுள்ளது. இரண்டாவது, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதை. 1979-இல் திறக்கப்பட்ட இது ரயில்வேக்கு உரியது. மூன்றாவது, பாசனக் கால்வாய்கள். இவை அந்தந்த மாநிலப் பாசன இலாகாவின் உடைமை. ஊராட்சியின் வசம் இருப்பது ஊர்ச்சாலைகள் மட்டுமே. ஆகவே, பணம் கையிலிருந்தும், மக்கள் விரும்பியும், பிறருடைய நிலத்தின்மீது ஊராட்சி ஒரு கூடை மண்ணைக்கூடத் தானாகக் கொட்ட இயலாது.

இத்தடையை வெறும் பிடிவாதம் என்று எண்ணலாகாது. கால்வாயின் கரை, நடுவே ஓடும் நீரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. கனமான லாரிகள் அதன்மீது ஓடினால் கரை அமுங்கும், நீர் கசியும், கடைமடை வயல் காயும். பாலம் கட்டுவதாயின், கால்வாய் நிறைந்தோடும் நீர்மட்டத்துக்கு மேல் போதிய உயரம் வேண்டும். தூண்கள் நீரோட்டத்தைத் தடுத்து வண்டல் சேர்க்கலாகாது. தண்ணீர் நிறுத்தப்படும் காலத்திலேயே வேலையும் முடியவேண்டும். இருப்புப்பாதையில் காவல் இன்னும் கடுமையானது. அகல இருப்புப்பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரியோடு நாடெங்கும் நீக்கப்பட்டன. ஆதலின் புதிய வழி வேண்டுமாயின் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ நாடவேண்டும்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 17-ஆம் பிரிவின்படி, மாநில அரசாங்கமோ உள்ளாட்சி மன்றமோ இருப்புப்பாதையின் மேலாகவோ கீழாகவோ குறுக்காகவோ பொதுச்சாலை அமைக்க விரும்பினால், அதற்கான வேலைகளைத் தன் செலவில் செய்து தருமாறு ரயில்வே நிர்வாகத்தைக் கோரலாம். கால்வாயாயின் ஊராட்சி தீர்மானம் இயற்றி, வரைபடத்துடன் பாசன இலாகாவின் இசைவைப் பெறவேண்டும். மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இத்தகைய கோப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் சொற்கள் இரண்டு: உரிமை, அனுமதி. இவை ஒன்றல்ல. நிலத்தின் உரிமை இலாகாவிடமே நிற்கும். கடந்து செல்லும் அனுமதியே ஊருக்குக் கிடைக்கும். இவ்வேற்றுமையை உணராமல் தொடங்கிய வேலைகளே பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன.

இனி, எல்லையின் சிக்கலைக் காண்போம். ஒரே மாநிலத்துக்குள் அடுத்தடுத்த உள்ளாட்சி மன்றங்கள் கூட்டுக் குழு அமைத்துப் பொதுவேலை செய்வது பழைய முறை. ஆனால் ஒரு மாநிலத்தின் ஊராட்சிச் சட்டம் அம்மாநில எல்லையோடு நின்றுவிடும். கேரள ஊராட்சியும் தமிழகப் பேரூராட்சியும் தத்தம் சட்டப்படியே நடக்கவேண்டும். எனவே பாறசாலைப் பக்கத்தார் எல்லைக்கல்வரையிலும், களியக்காவிளைப் பக்கத்தார் மறுபுறமுமாகத் தனித்தனியே சாலை போடலாம். ஆனால் முன்கூட்டிப் பேசாவிடில், ஒரு புறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் சாலை அமையும். மேல்புறத்து ஓடைநீர் கீழ்புறத்து வீடுகளுக்குள் புகும்.

ஆகவே முதற்கல் நாட்டுமுன் இரு புறத்தாரும், நிலத்துக்குரிய இலாகாவாரும் ஒன்றாக நின்று இடத்தைப் பார்வையிடுதல் இன்றியமையாதது. அகலம், உயரம், நீர் வடியும் திசை, செலவில் அவரவர் பங்கு, பின்னாளில் பழுதுபார்ப்பவர் யார் என்னும் ஐந்தையும் எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதே தலையாயது. திறப்புவிழாவுக்கு அனைவரும் வருவர். மழையில் குழி விழுந்தபின் வருபவர் யார் என்பதே கேள்வி. உள்ளூரில் தீராதவற்றை மேலே கொண்டுசெல்லவும் இடமுண்டு. எல்லைத் தகராறுகள், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களிடைப் போக்குவரத்து ஆகியன 1956-ஆம் ஆண்டின் மாநிலங்கள் சீரமைப்புச் சட்டப்படி அமைந்த தென்மண்டலக் குழுவின் ஆய்வுக்கு உரியவை.

கூடிப் பேசாமையின் விலை என்ன என்பதற்கு நெய்யாறே சான்று. அவ்வாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்கு நீர் வழங்க அமைந்தது. 2004-இல் கேரளம் நீர் விடுவதை நிறுத்திற்று. 2012-இல் தமிழகம் உச்சநீதிமன்றத்தை நாடிற்று. தண்ணீருக்கு நேர்ந்தது சாலைக்கும் நேர வேண்டுவதில்லை. நீரைப் பங்கிட்டால் ஒருவர் பங்கு குறையும் என்ற அச்சம் உண்டு. வழியைப் பங்கிட்டால் எவருக்கும் குறைவதில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் இதில் செய்யத்தக்கது யாது? கேரளத்தில் வார்டுதோறும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கிராம சபை கூடவேண்டும் என்பது சட்டம். தமிழக ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவை கிராம சபை கூடும் நாட்களுள் அடங்கும். விடுமுறையில் ஊர் வருங்கால் அச்சபையில் அமர்ந்து, சாலை நிற்குமிடத்தின் நிலம் எந்த இலாகாவைச் சேர்ந்தது, இசைவு கேட்டு எழுதியாயிற்றா, அண்டை ஊர் மன்றத்துடன் பேசியாயிற்றா என்று வினவுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்பதைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஏற்றுள்ளது.

எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதனைத் தொட்டுச் செல்லும் சாலை மட்டும் அங்கே நின்றுவிடாதிருக்கட்டும்.