கம்பரும் காரின் சில்லும்



"சேர், உங்கள் காரிலே கம்பர் பிழைத்துவிட்டது" என்று என் பழைய மாணாக்கர் ஒருவர் சொன்னபோது, நான் சற்றே திகைத்துப் போனேன். பல்லாண்டு காலம் தமிழ் படிப்பித்து, இன்று அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராயிருக்கும் எனக்குக் கம்பர் என்றால் இராமகாதை பாடிய கவிச்சக்கரவர்த்தி ஒருவரே. அவர் பிழைபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாணாக்கரோ சிரித்துக்கொண்டு, மோட்டார்த் தொழிலாளர் முன்சில்லின் சாய்வையே அவ்வாங்கிலப் பெயரால் வழங்குகின்றனர் என்று விளக்கினார். அவர் இப்போது கராச் ஒன்றை நடத்தி வருகின்றார்.

நடந்தது இதுதான். என்னுடையது முப்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு ஜப்பானியக் கார். 2020ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், என்போன்றோர் பலர் பழைய வண்டிகளையே பேணிக் காக்க வேண்டியவராயினர். சென்ற மாரி காலத்திலே, என் காரின் முன்புற இடப்பக்க ரயரின் உள்விளிம்பு நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்திருப்பதைத் தற்செயலாகக் கண்டேன். வெளியே நின்று பார்ப்போர்க்கு அந்த ரயர் புதியது போலவே தோன்றும். குனிந்து உட்புறம் நோக்கினால்தான் குறை தெரியும். அதனோடு, சுக்கானைச் சிறிது தளர்த்திப் பிடித்தால் கார் வலப்பக்கம் இழுத்தது. இடப்பக்கமாக ஓட்டும் நம் வீதிகளிலே, வலப்பக்கம் என்பது எதிரே வண்டிகள் வரும் பக்கம் அன்றோ?

இச்சாய்வின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். காருக்கு முன்னே நின்று சில்லை நோக்குங்கள். அது நிலத்துக்குச் செங்குத்தாக நின்றால் சாய்வு 0 பாகை. அதன் மேற்பகுதி வெளியே சாய்ந்திருந்தால் அதனை நேர்ச்சாய்வு என்றும், காரின் உடலை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் எதிர்ச்சாய்வு என்றும் கூறலாம். நேரான வீதியிலே செங்குத்தான சில்லு ரயரின் முழு அகலத்தையும் நிலத்திற் பதிக்கின்றது. வளைவிலோ காரின் உடல் வெளிப்புறமாகச் சரிகின்றது. பாரத்தின் பெரும்பங்கு வெளிப்புறச் சில்லின்மேல் விழுகின்றது. அச்சில்லும் உடலோடு சேர்ந்து சாய்வதால், ரயரின் வெளிவிளிம்பே நிலத்தைப் பற்றுகின்றது. முன்னரே சிறிது உட்புறம் சாய்த்து வைக்கப்பட்ட சில்லு, அவ்வேளையில் நிமிர்ந்து நின்று முழு அகலத்தாலும் பற்றும். எதிர்ச்சாய்வின் பயன் இதுவே.

இக்காலத்துச் சிறிய கார்கள் பலவற்றின் முன்பக்கத்திலே காணப்படுவது, அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்பேர்சன் என்பவரின் பெயரால் வழங்கும் ஊன்றுதண்டு அமைப்பாகும். அவர் செவர்லே நிறுவனத்திலே சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்டார். 1947இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் அவர் போர்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். 1950இலே இங்கிலாந்தில் அறிமுகமான போர்ட் கொன்சல், செபர் ஆகிய கார்கள் அவருடைய ஊன்றுதண்டுகளுடன் வெளிவந்தன. இவ்வமைப்பிலே சுருள்வில்லும் அதிர்ச்சி தாங்கியும் ஒன்றாய் அமைந்திருக்கும். தண்டின் அடி சில்லைத் தாங்கும் உறுப்போடு பிணைக்கப்பட்டிருக்கும். அதன் நுனி, எஞ்சின் அறையின் ஓரத்திலுள்ள மேடையிலே, றப்பர் இருக்கை ஒன்றினூடாகப் பூட்டப்பட்டிருக்கும். உறுப்புகள் குறைவு, இடமும் மிச்சம். ஆனால், நுனி ஒரே இடத்தில் நிலைத்திருப்பதால், இத்தகைய கார்கள் பலவற்றிலே சாய்வை விரும்பியவாறு மாற்ற இயலாது.

அவ்வியலாமையை நீக்குவதே சாய்வுத் தகடு. பழைய றப்பர் இருக்கையை அகற்றிவிட்டு, நீள்துளைகள் வெட்டிய உலோகத் தகடொன்றை அங்கே பூட்டுவர். அதன் நடுவிலுள்ள உருண்டை மூட்டு, தண்டின் நுனியைப் பற்றியிருக்கும். ஆணிகளைத் தளர்த்தி, நுனியை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி, மீண்டும் இறுக்கிவிடலாம். தண்டின் நுனிக்கும் கீழ் மூட்டுக்கும் இடையே 600 மில்லிமீற்றர் தூரம் எனக் கொண்டால், நுனியை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உள்ளே தள்ளியதும் சில்லு 1 பாகை உட்சாயும். அரைவிரல் அளவுதான், விளைவோ பெரிது.

நுவரெலியாவிலே மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றில் ஓடுவோர்க்கு வளைவிலே கிடைக்கும் பிடியே பெரிது. பந்தயக் கார்களுக்கு 2 அல்லது 3 பாகை எதிர்ச்சாய்வு வைப்பதுண்டு. ரயர் விரைவில் தேய்ந்தாலும் அவர்கள் அதைப் பொருட்படுத்தார். நம்போன்றோர் நிலை வேறு. சாய்வு மிகுந்தால் உள்விளிம்பு தேயும். நேரான வீதியில் அவசரமாகப் பிறேக்கை மிதிக்கும்போது நிலத்தைப் பற்றும் பரப்பும் குறையும். றப்பர் அகன்றமையால் வீதியின் அதிர்வும் ஒலியும் காருக்குள்ளே நேரே வந்து சேரும். புழுதியும் நீரும் உருண்டை மூட்டைக் கெடுக்கும். மேலும், சாய்வை மாற்றினால் இரு முன்சில்லுகளும் முன்னோக்கி நிற்கும் திசையும் மாறிவிடும். அதனையும் உடனே அளந்து சீராக்காவிடின், ரயர் முன்னிலும் விரைவாகத் தேயும்.

இனி என் கதைக்கு வருவோம். அளந்து பார்த்தபோது, இடப்பக்கச் சில்லு இரண்டரைப் பாகையும் வலப்பக்கச் சில்லு அரைப் பாகையும் உட்சாய்ந்திருந்தன. இருபக்கச் சாய்வும் வேறுபட்டால், எதிர்ச்சாய்வு குறைந்த பக்கத்துக்கே கார் இழுபடும். என் கார் வலப்பக்கம் இழுத்த காரணம் விளங்கிற்று. "சாய்வுத் தகடு ஒரு சோடி பூட்டுங்கள், எல்லாம் சரிவரும்" என்றார் அயல்வீட்டு இளைஞர். நானும் அவ்வெண்ணத்தோடு பணத்தை எடுத்துக்கொண்டு கராச்சுக்குச் சென்றேன். மாணாக்கர் மறுத்துவிட்டார். "தகடு பூட்டி இரண்டு பக்கத்தையும் சமமாக்கலாம், சேர். ஆனால், இந்த இரண்டு பாகை எங்கிருந்து வந்தது என்று தெரியாமற் பூட்டினால், புண்ணை ஆற்றாமல் மூடிக் கட்டியது போலாகும்" என்றார்.

தண்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் அடிப்பகுதி வளைந்திருந்தது. மழைநீர் நிரம்பிய பள்ளமொன்றில் இடச்சில்லு விழுந்து எழுந்த ஓர் இரவு என் நினைவுக்கு வந்தது. நேரான தண்டொன்றை மாற்றிப் பூட்டியதும் சாய்வு இருபக்கமும் ஒத்துவந்தது, இழுப்பும் நின்றது. தகட்டினால் சாய்வைச் சரிசெய்து, வளைந்த தண்டின்மேல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியிலே சென்றிருப்பேனே என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

நேயர்களும் வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். காரை மட்டமான தரையிலே, சில்லுகள் நேரே நிற்க நிறுத்துங்கள். இரு முன்ரயர்களிலும் காற்று ஒரேயளவாக இருக்கட்டும். சில்லுக்கு முன்னே, ரயரிற் படாதவாறு தூக்குக்குண்டு கட்டிய நூலொன்றைத் தொங்கவிடுங்கள். நூலிலிருந்து இரும்பு வளையத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். 13 அங்குல வளையத்திலே, 1 பாகைக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் வேறுபாடு தோன்றும். மேல்விளிம்பு நூலிலிருந்து கூடிய தூரத்தில் இருந்தால், சில்லு உட்சாய்ந்துள்ளது. இருபக்க அளவுகளும் பெரிதும் வேறுபட்டால், அதற்குரிய காரணத்தைத் தேடிக் கண்டபின்னரே தகட்டைப் பற்றிச் சிந்தியுங்கள்.

விடை சரியாயிருந்தாலும் செய்கை பிழையெனில், கணித ஆசிரியர் முழுப்புள்ளி கொடார். இதனைப் பாடசாலையிலே எத்தனையோ முறை எடுத்துச் சொன்னவன் நான். அன்று என் மாணாக்கரிடமிருந்து அதே பாடத்தைக் கேட்டு வந்தேன். நாளைக் காலை காரை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து, முன்ரயர்களின் உள்விளிம்பைப் பாருங்கள்.